அடுத்தது வலது

அந்தப் பொத்தானுக்கு ஒரே ஒரு வேலைதான் தெரியும். அழுத்தினால் விமானத்தின் வால் திரும்பும். கையை எடுத்தால் நேராகிவிடும். எந்தப் பக்கம் திரும்பும் என்பது பொத்தானைப் பார்த்தால் தெரியாது. ஒரு தடவை வலது என்றால் அடுத்த தடவை இடது, அதற்கடுத்தது மறுபடி வலது. கடைசியாக எந்தப் பக்கம் திரும்பியது என்று தெரிந்தவரால்தான் விமானத்தை ஓட்ட முடியும்.

அதை நான் ஒரு கோடு போட்ட நோட்டில் எழுதிவந்தேன். ஒவ்வோர் அழுத்தத்துக்கும் ஓர் எழுத்து. வ, இ, வ, இ. என் நோட்டில் தப்பு இல்லை. இதைச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன் என்றுகூட வைத்துக்கொள்ளலாம்.

விமானம் என் தோழியின் அண்ணனுடையது; ஆள் ஏறாத, தரையில் நின்று ரேடியோவால் ஓட்டுகிற சின்ன விமானம். சீமையில் படிக்கிறவர் விடுமுறைக்கு வந்தபோது ஒரு நீளமான பெட்டியில் அதைக் கொண்டுவந்தார். தக்கை போல எடையே இல்லாத மரத்துண்டுகள், பட்டுத்துணி, கொய்யாக்காய் அளவுக்கு ஒரு பெட்ரோல் எஞ்சின், ரேடியோவில் இருப்பது போன்ற ஒரு வால்வு. பாதி ஒட்டி முடிப்பதற்குள் கப்பலுக்கு நாள் வந்துவிட்டது. "முடிஞ்சா முடிச்சு வை, எப்படிப் பறந்துச்சுன்னு எழுது" என்று தங்கையிடம் சொல்லிவிட்டுப் போனார். அவள் அதைப் பள்ளிக்கூடத்தில் என்னிடம் சொன்னாள். அன்று சாயந்திரமே நான் அவர்கள் வீட்டில் இருந்தேன்.

அவர்கள் வீடும் பருத்தி அரவை மில்லும் ஒரே மதிலுக்குள், சரவணம்பட்டிக்குப் போகிற வழியில் இருந்தன. அந்த மில்லின் ஆயில் எஞ்சினை ஓட்டுகிறவர் என் அப்பா. அவருக்கு எழுத்துத் தெரியாது. எங்கள் குடும்பத்தில் யாருக்குமே தெரியாது. பள்ளிக்கூடத்து வாசற்படியை முதலில் மிதித்தவள் நான்தான். முதலாளியின் மகளும் நானும் ஒரே வகுப்பில் இருந்தோம். கணக்கில் நான் முதல். அவள் கடைசிக்குச் சற்று மேலே. அவளுடைய வீட்டுக் கணக்கெல்லாம் என் கையெழுத்துச் சாயலில் இருக்கும்.

எங்கள் பக்கத்தில் 'ங்க' போடாமல் பேசுவது சாமானியமில்லை. குழந்தையைக்கூட 'வாங்க சாமி' என்றுதான் கூப்பிடுவார்கள். முதலாளி மகளை நான் 'நீங்க' என்றுதான் அழைத்துவந்தேன். ஒருநாள் அவளே, "ஏம்புள்ள, என்னைய நீன்னு கூப்புடு. நீங்கன்னா பேசமாட்டேன்" என்றாள். அது முதல் பள்ளிக்கூடத்தில் நீ, மில் வாசலில் நீங்க. அவள் அப்பா காதில் விழும்படி நான் நீங்க போடும்போதெல்லாம் அவள் சிரிப்பை அடக்கப் படாத பாடு படுவாள். அந்த 'நீ' எனக்குக் கிடைத்த பரிசு என்று நினைத்திருந்தேன்.

பஞ்சுக் கிடங்கை ஒட்டிய ஓர் அறையில் விமானத்தை வைத்து வேலை செய்தோம். அண்ணன் விட்டுப்போன இங்கிலீஷ் புத்தகத்தை நான் வரிவரியாகப் படித்துச் சொல்ல வேண்டும். பள்ளி அகராதியில் பல வார்த்தைகள் இல்லை, இருந்தவை ஏமாற்றின. 'போர்ட்' பக்கத்து இறக்கையைச் சரிபார்க்கவும் என்று போட்டிருந்தது. அகராதி துறைமுகம் என்றது. இரண்டு நாள் நாங்கள் துறைமுகத்தைத் தேடினோம்.

எஞ்சினைப் பார்க்க வந்த என் அப்பாவிடம் சொன்னேன். "கோயமுத்தூருக்குக் கடலு எப்பங்கண்ணு வந்துச்சு?" என்றார். கடல் என்றதும்தான் எனக்குக் கப்பல் ஞாபகம் வந்தது. சரித்திர வாத்தியாரம்மாவிடம் கேட்டேன். கப்பலின் இடப்பக்கத்துக்கு அந்தப் பெயர் என்றார். அன்றைக்கு நான் நடந்த நடையைப் பார்த்து என் தோழி, "தரையில காலு படுதா பாத்துக்க" என்றாள்.

எடை பார்ப்பதுதான் நாள் பிடித்த வேலை. இறக்கைக்குக் கீழே, முன்விளிம்பிலிருந்து மூன்றில் ஒரு பங்கு தள்ளி, இரண்டு பக்கமும் ஒவ்வொரு விரலால் தாங்கிப் பிடித்தால் விமானம் மூக்கும் தாழாமல் வாலும் தாழாமல் நிற்க வேண்டும். எங்களுடையது மூக்குக் குத்தியது. பாட்டரியைப் பின்னால் தள்ளினோம். போதவில்லை. கிடங்கில் பருத்திக்கொட்டைக்குப் பஞ்சமில்லை. ஒரு சின்னத் துணிப்பையில் போட்டு வாலில் கட்டி, ஒவ்வொரு கொட்டையாகக் கூட்டியும் குறைத்தும் பார்த்தேன். நின்றது. பிறகு அதே எடைக்கு ஈயத்துண்டு நிறுத்து உள்ளே ஒட்டினோம்.

வாலைத் திருப்புவது ரேடியோ இல்லை. விமானத்தின் வயிற்றுக்குள் நீளவாக்கில் ஒரு ரப்பர் பட்டை முறுக்கி வைக்கப்பட்டிருக்கும். தரையில் பொத்தானை அழுத்தினால் உள்ளே ஒரு கொக்கி விலகும். ரப்பர் கொஞ்சம் அவிழ்ந்து வாலைத் திருப்பும். கையை எடுத்தால் இன்னும் கொஞ்சம் அவிழ்ந்து நேராக்கும். இரண்டு அழுத்தத்துக்கு ரப்பர் ஒரு முறுக்கு அவிழும். இதைப் புத்தகத்தில் படித்ததோடு விடாமல், நானே சாக்கட்டி அடையாளம் வைத்துச் சோதித்து நோட்டில் எழுதினேன்.

எவ்வளவு தூரத்துக்கு ரேடியோ எட்டும் என்று பார்க்க ஒருநாள் சோளத்தட்டு அறுத்த காட்டுக்குப் போனோம். கார் பாட்டரி, பொத்தான் பொருத்திய ரேடியோ மரப்பெட்டி, அதற்கு மூங்கிலில் கட்டிய கம்பி எல்லாவற்றையும் ஒரு வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்து வரப்போரம் வைத்தோம். அவள் விமானத்தைத் தூக்கிக்கொண்டு தூரமாகப் போனாள். நான் பொத்தானோடு நின்றேன். வால் வலப்பக்கம் திரும்பினால் அவள் வலக்கையைத் தூக்க வேண்டும், இடப்பக்கம் என்றால் இடக்கை. கண்ணுக்கு ஒரு விரற்கடை அளவில் தெரிந்த அவள், நான் அழுத்த அழுத்தக் கையை மாற்றி மாற்றித் தூக்கினாள். முதலாளி மகளை நான் ஆட்டிவைப்பது போல இருந்தது. அவளுக்கும் அது தோன்றியிருக்க வேண்டும். திரும்பி வந்து மூச்சு வாங்கிக்கொண்டே, "கைய எறக்க உடமாட்டயா? நானென்ன காக்கா ஓட்டற பொம்மையா?" என்றாள்.

அன்றைக்குத்தான் அவளாகவே சொன்னாள். "மொதத் தடவ பறக்கறப்ப நீதான் அமுத்தோணும். எங்கண்ணனே வந்து கேட்டாலும் குடுக்கமாட்டேன்."

"உங்கப்பா?"

"அப்பாகிட்ட நாஞ் சொல்லிக்கறேன். நீதானே எல்லாஞ் செஞ்சே."

அதை என் அப்பாவிடம் சொல்லி, முதல் பறப்புக்கு அவரையும் வரச் சொன்னேன். மகள் வெளியூர்க் கல்லூரிக்குப் போகப்போகிறாள் என்பதுபோல அவர் அதை எஞ்சின் ரூமில் எல்லாரிடமும் சொல்லியிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை என்று முடிவாயிற்று. சனிக்கிழமை சாயந்திரம் ரப்பரைப் புதிதாக நாற்பது முறுக்கு ஏற்றினேன். பன்னிரண்டு தடவை அழுத்திப் பார்த்தேன். கடைசியாக நோட்டில் விழுந்த எழுத்து இ. அறையைச் சாத்திவிட்டு வீட்டுக்குப் போனேன்.

காலையில் காட்டுக்குப் போனபோது அங்கே இரண்டு கார் நின்றது. ஒன்று முதலாளியுடையது. இன்னொன்று தாராபுரத்திலிருந்து வந்தது. என் தோழியைப் பெண் பார்க்க வந்திருந்தார்கள். மாப்பிள்ளையின் தகப்பனாரும், பெரியம்மா ஒருவரும், இன்னும் சிலரும். தோழி பட்டுப்புடவையில் இருந்தாள். சோளத்தாள் கிழிக்காமலிருக்க முந்தானையைத் தூக்கிப் பிடித்திருந்தாள்.

நான் பக்கத்தில் போனதும், "எனக்கே காலையிலதான் தெரியும்புள்ள" என்றாள் மெதுவாக. "அப்பா என்னையவே அமுத்தச் சொல்றாங்க. எல்லார் முன்னாடியும் என்ன பண்ணட்டும்? அடுத்த தடவ நீ."

அடுத்த தடவை பறப்பது முதல் தடவை ஆகாது. ஆனால் அவள் முகம் வாடியிருந்தது. என்னைவிட அவளுக்குத்தான் கஷ்டம் என்று நினைத்தேன். அப்படி நினைத்ததை இப்போது நினைத்தால்தான் வெட்கமாக இருக்கிறது.

முதலாளி விருந்தாளிகளிடம், "பையன் சீமையிலிருந்து கொண்டாந்தானுங்க. மிச்சமெல்லாம் நம்ம புள்ளையே பொஸ்தகத்தப் பாத்துச் செஞ்சுபோட்டுதுங்க" என்றார்.

அந்தப் பெரியம்மா விமானத்தைக் குனிந்து பார்த்து, "ஏஞ்சாமி, இது முட்டையும் போடுமா?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். பிறகு என்னைப் பார்த்து, "இந்தப் புள்ள ஆருங்க?" என்றார்.

கேள்வி முதலாளிக்கு. பதில் சொன்னது என் தோழி. "நம்ம மில்லு எஞ்சின்காரரு புள்ளைங்க. ஒத்தாசைக்கு வந்துருக்குது."

ஒத்தாசை. பாத்திரம் கழுவவும், கல்யாண வீட்டில் காய் நறுக்கவும் வருகிறவர்களுக்குச் சொல்கிற வார்த்தை. அதில் தப்பில்லை, என் அம்மா அப்படிப் பல வீடுகளுக்குப் போயிருக்கிறாள். நான் நோட்டை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றேன்.

என் அப்பா விமானத்தின் முன்னால் மண்டியிட்டுக் காற்றாடியைச் சுண்டினார். மூன்றாவது தடவையில் எஞ்சின் பிடித்தது. காதைச் சாய்த்துக் கேட்டு, பெட்ரோல் திருகை ஒரு மயிரிழை மூடினார். சத்தம் தெளிந்து சீறியது. என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். அவருக்கு இன்னும் விஷயம் தெரியாது; பொத்தான் என் கையில் வரும் என்றே காத்திருந்தார். அது அவளிடம் போனதைப் பார்த்ததும் கண்ணை எஞ்சின் பக்கம் திருப்பிக்கொண்டார்.

விமானத்தைப் பிடித்து விடுவது என் வேலை. பறக்கவிடுவதற்கு முன் ஒரு தடவை பொத்தானை அழுத்தி வால் எந்தப் பக்கம் போகிறது என்று பார்ப்பது வழக்கம். நான் அதைச் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் தோழி அங்கிருந்தே கேட்டாள். "ஏம்புள்ள, அடுத்தது எது?"

விருந்தாளிகள் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். ஒத்தாசைக்கு வந்த பெண்ணிடம் ஏன் கேட்கிறாள் என்று அவர்களுக்கு ஒரு கணமாவது தோன்ற வேண்டும் என்று எனக்கு ஆசை வந்தது. அதனால்தான் சோதனையை விட்டேன். அது என் கர்வம். ஒப்புக்கொள்கிறேன்.

"அழுத்திப் பாக்க வேண்டியதே இல்லைங்க. நோட்டுல இருக்குது. அடுத்தது வலது" என்றேன்.

விட்டேன். வண்டித்தடத்தில் ஓடி, குலுங்கி, மண்ணைவிட்டு எழுந்தது. நான் நினைத்திருந்ததைவிட அழகாக எழுந்தது. மூக்குக் குத்தவில்லை, வால் தொங்கவில்லை. பருத்திக்கொட்டை வைத்து எடை பார்த்த விமானம் பனைமர உயரத்துக்கு நேராக ஏறியது. என் அப்பா எழுந்து நின்றுவிட்டார்.

இடப்பக்கம் கிணறும் பனைவரிசையும். வலப்பக்கம் வெறுங்காடு. வலப்பக்கம் திருப்பிச் சுற்றிவரச் செய்ய வேண்டும். அவள் அழுத்தினாள்.

விமானம் இடப்பக்கம் சாய்ந்தது.

அவளுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. இன்னும் இறுக்கி அழுத்தினாள். "கைய எடு, கைய எடு" என்று கத்திக்கொண்டே ஓடினேன். எடுத்திருந்தால் நேராகியிருக்கும். கடைசிவரை எடுக்கவில்லை. விமானம் வட்டமடித்துக்கொண்டே கீழே வந்து, கிணற்று மேட்டில் மோதி, ஒரு தடவை துள்ளி அடங்கியது. எஞ்சின் சத்தம் நின்றதும் காட்டில் வேறு சத்தமே இல்லை.

முதலில் பேசியவள் அவள்தான். "நீதானே வலதுன்னு சொன்னே."

எல்லார் முன்னாலும். நான் நோட்டைத் திறந்தேன். கடைசி எழுத்து இ. அப்படியானால் அடுத்தது வ. அதைத்தான் சொன்னேன். வாய் திறப்பதற்குள் என் அப்பா என் முன்னால் வந்து நின்றார். தோளில் இருந்த துண்டு கைக்கு வந்துவிட்டிருந்தது.

"சின்னப் புள்ளைங்க, தெரியாமச் சொல்லிப்போட்டுதுங்க. மொதலாளி மனசுல வெச்சுக்க வேண்டாமுங்க."

"அட, உடுப்பா. வெளையாட்டுச் சாமான்தானே" என்றார் முதலாளி. பெரியம்மா தோழியின் கன்னத்தைத் தடவி, "பயந்துட்டயா கண்ணு? சொல்றவங்க சரியாச் சொல்லோணுமல்லோ" என்றார். கார்கள் வீட்டுக்குக் கிளம்பின. அப்பா எஞ்சின் ரூமுக்குப் போனார்.

உடைந்ததைக் கூடையில் அள்ளிக்கொண்டு நான் கிடங்கறைக்கு வந்தேன். இடது இறக்கை போய்விட்டது. பாட்டரி கழன்றிருந்தது. வயிறு மட்டும் முழுசாக இருந்தது, உள்ளே ரப்பரும். அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோதுதான் எண்ணிப் பார்க்கலாம் என்று தோன்றியது.

நாற்பது முறுக்கு ஏற்றினேன். என் பன்னிரண்டு அழுத்தம், இன்றைக்கு அவள் அழுத்திய ஒன்று. மொத்தம் பதின்மூன்று. இரண்டுக்கு ஒரு முறுக்கு என்றால் ஆறரை அவிழ்ந்திருக்கும். மீதி முப்பத்து மூன்றரை இருக்க வேண்டும். ரப்பரைக் கொக்கியிலிருந்து கழற்றி, விரலில் பிடித்து, ஒவ்வொரு முறுக்காக அவிழவிட்டு எண்ணினேன்.

முப்பதில் முடிந்துவிட்டது.

மூன்றரை முறுக்கு. ஏழு அழுத்தம். எட்டாக இருந்திருந்தால் நான் சொன்ன வலது வலதாகவே இருந்திருக்கும்.

மத்தியானம் விருந்து முடிந்து அவர்கள் போன பிறகு அவள் அறைக்கு வந்தாள். தலையில் பூ அப்படியே இருந்தது. "அவிகளுக்குப் புடிச்சுப்போச்சாம்" என்றாள். பிறகு என் கையில் தொங்கிய ரப்பரைப் பார்த்தாள்.

"ஏழு தடவ அமுத்தியிருக்குது" என்றேன். "நானில்ல."

அவள் கதவோரம் நின்றாள். "நேத்துப் பொழுதோட, நீ போன பொறவு... சும்மா பழகிப் பாத்தேன். எத்தனைன்னு எண்ணல."

"எதுக்குப் பழகினே? நாந்தானே அமுத்தறதா இருந்துது."

அவள் கை தலையில் இருந்த பூவுக்குப் போனது. எனக்கும் அப்போதுதான் உறைத்தது. ரப்பர் சொன்னது எண்ணிக்கை மட்டும் இல்லை. சனிக்கிழமை சாயந்திரம் நான் முறுக்கேற்றிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் உட்கார்ந்து, "நாளைக்கு என்ன பாவாடை கட்டிக்கிட்டு வருவே?" என்று கேட்டுக்கொண்டிருந்தாளே, அப்போதே அவளுக்குத் தெரியும்.

"அவிக வாரதா அப்பா எப்பச் சொன்னாங்க?"

"செவ்வாக்கெழம." தரையைப் பார்த்தாள். "சொல்லியிருந்தா நீ கோவிச்சுக்கிட்டு வேலையப் பாதியில உட்டுப்போட்டுப் போயிருப்பே."

போயிருக்கமாட்டேன். அழுதிருப்பேன், பிறகு முறுக்கேற்றியிருப்பேன். என்னைப் பற்றி அவளுக்குத் தெரிந்தது அவ்வளவுதானா என்று இருந்தது.

"அண்ணனுக்கு நோட்ட அனுப்போணும்" என்றாள். "எப்படிப் பறந்துச்சு, ஏன் உழுந்துச்சுன்னு கேப்பான். எண்ணிக்க தப்பிப்போச்சுன்னு மட்டும் நீயே எழுதிக் குடுத்துரு. நான் நேத்து எடுத்தது தெரிஞ்சா அப்பா வைவாங்க. கல்யாணப் பேச்சு நடக்கறப்ப எதுக்கு? உனக்கென்ன போச்சு?"

நாளைக்குத் தருகிறேன் என்று சொல்லி நோட்டை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

எஞ்சின் ரூமிலிருந்து அப்பாவோடு வீட்டுக்கு நடந்தேன்.

"நான் தப்பாச் சொல்லலீங்கப்பா" என்றேன். ரப்பரைப் பற்றிச் சொல்லத் தொடங்கினேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"தெரியுமம்மணி. நீ தப்பாச் சொல்லமாட்டே."

"பின்ன ஏனுங்கப்பா அப்படிச் சொன்னீங்க?"

துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். "ஆராவது ஒருத்தரு தப்புன்னு ஆகோணுமல்லோ. அவிக ஊட்டுல கல்யாணம்."

அவர் முன்னால் நடந்தார். தெரியாமல் என்னைத் தலைகுனிய வைத்திருந்தால் மறந்திருப்பேன். தெரிந்தே செய்தார். தோழி செய்ததைவிட அது என்னை அதிகம் வருத்துகிறது. யாரிடம் கோபப்படுவது என்றுதான் இன்றுவரை விளங்கவில்லை.

வீட்டில் நோட்டைத் திறந்தேன். 'எண்ணிக்கை தப்பு' என்று எழுதினால் அது என் கையெழுத்தில் இருக்கும். சீமைக்குப் போய், என்னைப் பார்த்தேயிராத ஒருவர் படித்து, எஞ்சின்காரர் மகளுக்கு எண்ணத் தெரியவில்லை என்று நினைப்பார். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாக எழுதப்பட்ட எழுத்துகள் அவை. பொய்யாக ஒன்றை அதில் சேர்க்க எனக்கு மனம் வரவில்லை.

கடைசி இ-க்கு அடுத்து எழுதினேன். வ இ வ இ வ இ வ. ஏழு. அவற்றைச் சுற்றி ஒரு கோடு போட்டு, 'சனிக்கிழமை நான் போன பிறகு அழுத்தப்பட்டவை. இவை என்னுடையவை அல்ல. ரப்பரில் மீதி முப்பது' என்று எழுதினேன். அதன் கீழே ஞாயிற்றுக்கிழமையின் ஒற்றை இ. யார் அழுத்தியது என்று எழுதவில்லை. அது அவருக்கே தெரிந்துவிடும்.

திங்கட்கிழமை பள்ளிக்கூடத்தில், மணி அடிக்கும் முன், நெல்லி மரத்தடியில் அவளிடம் கொடுத்தேன். சுற்றிலும் யாரும் இல்லை.

"நோட்டு இந்தாங்க" என்றேன்.

அவள் பக்கத்தைத் திறக்கவில்லை. என்னையே பார்த்தாள். "என்ன சொன்னே?"

"அண்ணனுக்கு அனுப்போணும்னீங்களே. எழுதியிருக்கறேன். பாத்துக்குங்க."

மணி அடித்தது. அவள் நோட்டைச் சீமைக்கு அனுப்பினாளா, அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டு அனுப்பினாளா, எனக்குத் தெரியாது. அன்றைக்கு அவள் இடத்திலேயே, என் பக்கத்திலேதான் உட்கார்ந்தாள். கணக்கு வகுப்பில் வழக்கம்போலக் கணக்கு நோட்டை என் பக்கம் நகர்த்தினாள். விடை என்னவென்று கேட்டாள்.

"நீங்களே போட்டுப் பாருங்க" என்றேன்.